பதினேழாவது வேண்டாத கோப்பு

கூட்டம் முடிந்ததும் ஒலிப்பதிவை நிறுத்த வேண்டியது என் வேலை. நிறுத்தவில்லை. பழியை வேறு யார் தலையிலாவது கட்டலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். தோதான தலை ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் மைல்கல் வாரியத்தில் கூட்டக் குறிப்பு எழுத்தர். சாலையோரத்தில் நிற்கும் கிலோமீட்டர் கற்களை வருடத்துக்கு இரண்டு முறை எண்ணி, எண்ணிக்கை மாறவில்லை என்று அறிக்கை கொடுப்பது எங்கள் வாரியத்தின் முதல் வேலை. அந்த அறிக்கையைப் பற்றிக் கூட்டம் போடுவது இரண்டாவது வேலை. கூட்டத்தை மடிக்கணினியில் பதிவு செய்து, பிறகு போட்டுக் கேட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதுவது என் வேலை. பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் எழுத நேரம் பிடிக்கும்.

என் மனைவி இன்னொரு ஊரில் மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறாள். எங்கள் ஆறு வயது மகள் அவளோடு. அலுவலக வாசலிலிருந்து அந்த ஊருக்கு இருநூற்றுப் பன்னிரண்டு கற்கள். அங்கே எங்கள் வாரியத்துக்கு ஒரு கிளை உண்டு. அந்தக் கிளையில் ஒரு நாற்காலி மூன்று வருடமாகக் காலி. அதைக் கேட்டு வாங்கலாம் என்று நானும் மூன்று வருடமாக இருக்கிறேன்.

கேட்டிருக்கலாம்தான். ஆனால் எங்கள் வாரியத் தலைவர் எதற்கும் பதில் சொல்கிறவர் இல்லை. கேள்வி கேட்டால் தொண்டையைச் செருமுவார், ஜன்னலைப் பார்ப்பார், சரியாகப் பதினோரு வினாடி கழித்து "பார்க்கலாம்" என்பார். ஒருமுறை ஓட்டுநர் மணி என்ன என்று கேட்டபோது, கைக்கடிகாரத்தை நன்றாக உற்றுப் பார்த்துவிட்டு, "பரிசீலிக்கலாம்" என்றார்.

அன்று கூட்டம் முடிந்து எல்லோரும் போனபின் அறையில் நான் மட்டும் இருந்தேன். மாறுதல் கேட்பதை ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. ஒத்திகைக்குத் தலைவரும் வேண்டுமே. அவராகவும் நானே இருந்தேன். தலைவர் குரலில் பேசுவது எனக்கு அச்சு அசலாக வரும். என்னிடம் இருக்கும் ஒரே திறமை அதுதான், பணிப் பதிவேட்டில் அது ஏறவில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். குரலைச் சூடேற்ற முதலில் காலி நாற்காலிகளுக்கு இரண்டு உத்தரவு போட்டேன்.

"இனிமே கூட்டமெல்லாம் நின்னுக்கிட்டேதான். உக்காந்தா எல்லாருக்கும் தூக்கம் வருது. நாற்காலிய எல்லாம் தூக்குங்கய்யா!"

"நிக்கிற கல்லை எதுக்குய்யா வருஷத்துக்கு ரெண்டு தடவை எண்ணுறீங்க? கல்லுக்கு என்ன, காலா இருக்கு ஓடிப்போக? ஒரு தடவை போதும்!"

குரல் பதமாகிவிட்டது. எழுந்து மேசைக்கு இந்தப் பக்கம் ஓடிவந்தேன். கையைக் கட்டிக்கொண்டு, "சார், என் வீட்ல அந்த ஊர்ல வேலை பாக்குறாங்க. பொண்ணு பள்ளிக்கூடம் சேரப் போறா. அந்தக் கிளைக்கு எனக்கு ஒரு மாறுதல்..." என்றேன். உடனே அந்தப் பக்கம் ஓடி உட்கார்ந்தேன்.

ஒத்திகையிலாவது "சரி" என்று சொல்லியிருக்கலாம். நாற்காலி என் வசம், குரல் என் வசம், பார்க்க ஆளில்லை. ஆனால் என் ராசி, வாயில் வந்தது இதுதான்:

"மாறுதலா? மைல்கல் வாரியத்து ஆளு மைல்கல் மாதிரி இருக்கணும்யா. நட்ட இடத்துல நில்லு!"

மறுபடி இந்தப் பக்கம் வந்து, "ரொம்ப நன்றிங்க சார்" என்று எனக்கு நானே கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனேன். மடிக்கணினியில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த வாரம் வேண்டாத கோப்பு நீக்க வாரம். மடிக்கணினிகள் நிரம்பி வழிவதால் ஊழியர்கள் தங்களிடமுள்ள வேண்டாத கோப்புகளைப் பட்டியலிட்டு நீக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அந்தச் சுற்றறிக்கையே நான்கு வடிவங்களில் நான்கு முறை வந்து என் கணினியில் உட்கார்ந்துகொண்டது. நான் பட்டியல் போட்டேன். எண்பத்தெட்டாம் கல்லின் மேல் ஆடு நிற்கும் படம், அதே ஆடு இறங்கிவிட்ட படம், யாரோ முடிக்காமல் விட்ட ராஜினாமாக் கடிதம் (என்னுடையதுதான்). இப்படிப் பதினாறு. பதினேழாவதாக அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவு. இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு மூன்று மணி நேரம் ஏன் ஓடுகிறது என்று கடைசிப் பகுதியைப் போட்டுக் கேட்டேன். சட்டென்று நீக்கும் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் ஒரு கட்டம் வந்தது. "தங்கள் நீக்க விருப்பம் ஆவணப் பிரிவில் பதிவு செய்யப்பட்டது. பாதுகாப்புக் கருதிக் கோப்பு பிரதி எடுக்கப்பட்டுள்ளது."

கணினிப் பிரிவுக்காரரிடம் ஓடினேன். அவர் விசைப்பலகையைத் தலைகீழாகத் தட்டி உள்ளேயிருந்த தூசியை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அழிக்கிற பட்டனை அமுக்கினா அழியணும்தானே?"

"அது பழைய முறை சார். ஒரு ஃபைலை அழிக்கிறதுன்னா எவ்வளவு பெரிய பொறுப்பு! அதைப் போயி ஒத்தை ஆள்கிட்ட விட முடியுமா?"

"அப்ப சேமிக்கிறது?"

"அதை யாரு வேணா செய்யலாம். அதுல என்ன இருக்கு?"

ஆவண அதிகாரி அம்மையாரின் அறையில் அலமாரிகளுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்க வழி இருந்தது. என் நீக்க விருப்பம் அதற்குள் ஒரு விண்ணப்பமாக அச்சாகி, அவர் மேசையில் ஓர் உறைக்குள் கிடந்தது.

"வேண்டாத கோப்புன்னு போட்டிருக்கீங்க. எப்படி முடிவு பண்ணீங்க?"

"போட்டுக் கேட்டேன் மேடம்."

"பாருங்க. ஒருத்தர் உக்காந்து போட்டுக் கேக்குற அளவுக்கு அது வேண்டியிருந்திருக்கு."

அவர் பரிவோடு தொடர்ந்தார். "பயப்படாதீங்க. முறைப்படி செஞ்சிடலாம். மூணு பேர் குழு முழுசா கேட்டு, வேண்டாம்னு முடிவு பண்ணணும். அவங்களுக்கு ஆளுக்கொரு பிரதி. எங்க பிரிவுக்கு ஒண்ணு. இந்த நாலுக்கும் பாதுகாப்புப் பிரதி நாலு. கணினிப் பிரிவுக்கு ரெண்டு."

"உங்க கணக்குல பத்து, என்னுது ஒண்ணு. பதினோரு பிரதி ஆகுது மேடம். நான் ஒண்ணை அழிக்கத்தான் கேட்டேன்."

"வேண்டாம்னு முடிவாச்சுன்னா பதினொண்ணையும் அழிக்கத் தனித்தனியா பதினோரு விண்ணப்பம் போடுங்க. நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றவர் குரலைத் தாழ்த்தி, பெருமையோடு சொன்னார்: "இந்த நீக்கப் பிரிவு ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னைக்கு வரைக்கும் ஒரு கோப்பு கூட இங்க அழிஞ்சதில்ல. இப்படி ஒரு சாதனை வேற எந்த அலுவலகத்திலயும் கிடையாது."

குழு கூடியது. துணைத் தலைவர், கணக்கெடுப்பு அதிகாரி, ஆவண அதிகாரி. மூவரும் அன்றைய கூட்டத்திலும் இருந்தவர்கள். பொத்தானை அழுத்தும் பணி எனக்கு. என் தூக்குமேடைக்கு நானே எண்ணெய் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

முதல் பத்து நிமிடம் தலைவரின் செருமல். பிறகு ஒரு சத்தம் எழுந்தது; மரம் அறுப்பது போல ஏறியும் இறங்கியும்.

"இது என்ன சத்தம்?" என்றார் துணைத் தலைவர்.

"விசிறி சார்," என்றார் கணக்கெடுப்பு அதிகாரி.

இன்னொரு சத்தம் சேர்ந்துகொண்டது. இது சீழ்க்கை ரகம்.

"அது?"

"அதுவும் விசிறிதான் சார்."

மூன்றாவது மெல்லியது, முடிவில் ஒரு சின்ன முனகலோடு. ஆவண அதிகாரி தன் கைக்குட்டையைக் கவனமாக மடித்தார். இதெல்லாம் போதாதென்று, தலைவரின் செருமல் கேட்ட திசையிலிருந்தும் கொஞ்ச நேரத்தில் ஒரு கனத்த விசிறி ஓட ஆரம்பித்தது. அந்த அறையில் இருப்பது ஒரே விசிறி, அதுவும் ஓடாது. "விசிறிகள், நான்கு" என்று குறிப்பில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன்.

இரண்டு மணி நேரம் கழித்து நாற்காலிகள் நகரும் ஓசை, கதவு, அமைதி. அப்புறம் கணீரென்று நான்: "இனிமே கூட்டமெல்லாம் நின்னுக்கிட்டேதான்!"

மூவரும் நிமிர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். இதைத் தலைவர் எப்போது சொன்னார் என்று கேட்க ஒவ்வொருவருக்கும் வாய் வரை வந்தது. கேட்டால், தான் அப்போது எங்கே இருந்தோம் என்று சொல்ல வேண்டியிருக்கும். வாய் வரை வந்தது வயிற்றுக்குத் திரும்பிப் போனது.

"சார், இது வந்து... தலைவர் இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

துணைத் தலைவர் கையை உயர்த்தினார். "தலைவர் குரல் எனக்குத் தெரியாதா? பதினாலு வருஷமா பக்கத்து நாற்காலி. அவர் இதைச் சொல்லும்போது நான் தலையாட்டினேன். நல்லா ஞாபகம் இருக்கு."

"நான் குறிப்பே எடுத்தேன்," என்றார் கணக்கெடுப்பு அதிகாரி. "அந்த நோட்டு இப்ப வீட்ல இருக்கு."

"ரெண்டாவது உத்தரவப்ப எனக்கு மெய் சிலிர்த்துச்சு," என்றார் ஆவண அதிகாரி.

நான் அந்த இடத்திலேயே போட்டு உடைத்திருக்க வேண்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைவரைப் போலப் பேசியது என் குற்றம். அவர்கள் தூங்கியது அவர்கள் குற்றம். இந்த இரண்டில் பெரிய தண்டனை, இரண்டாவதை வெளியே சொன்னதற்குத்தான் கிடைக்கும். வாயை மூடிக்கொண்டேன். வாயை மூட வேண்டிய அன்று மூடாமல், திறக்க வேண்டிய அன்று மூடுவது எனக்குப் பிறவிக் குணம்.

என் கெஞ்சலும் ஓடியது. "நட்ட இடத்துல நில்லு!" ஓடியது. துணைத் தலைவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"கேட்டுட்டீங்க, தலைவர் முடியாதுன்னுட்டார். அந்த ஆதாரத்தை அழிக்கப் பாக்குறீங்க. அப்படித்தானே?"

முடிவு: இது வேண்டாத கோப்பு அன்று, நிரந்தரமாக வேண்டிய கோப்பு. இதிலுள்ள மூன்று வாய்மொழி உத்தரவுகளும் உடனே நடைமுறைக்கு வருகின்றன. மாறுதல் கேட்ட ஊழியர் யார் என்பது, அவர் மனம் நோகாதிருக்க, ரகசியமாக வைக்கப்படும்.

மறுநாள் நாற்காலிகள் போயின. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கே விளங்கவில்லை. நின்றுகொண்டு நடந்த முதல் கூட்டம் ஏழு நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது கூட்டத்தில் ஒரு முடிவே எடுக்கப்பட்டது. வாரிய வரலாற்றில் அது முதல் தடவை என்பதால் அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு தடவை எண்ணும் வேலை மிச்சமானவர்கள் சாய்ந்த கற்களை நிமிர்த்தினார்கள், அழிந்த எண்களுக்கு வண்ணம் அடித்தார்கள். மேலிடத்திலிருந்து தலைவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. "தங்கள் துணிச்சலான முடிவுகள்" என்று அதில் இருந்ததாம். தலைவர் படித்துவிட்டு "ம்ம்" என்றாராம்.

மூன்றாவது உத்தரவும் நடைமுறைக்கு வந்தது. "நட்ட இடத்தில் நிற்கும் கொள்கை" என்று பெயர். யாருக்கும் மாறுதல் இல்லை. கையெழுத்தாகித் தயாராக இருந்த மாறுதல்களும் ரத்து.

அப்படி ரத்தானவர்களில் ஒருவர் எங்கள் ஓட்டுநர். அவர் வீடு நூற்று நாற்பதாவது கல்லில். மனைவிக்கு ஒன்பதாவது மாதம். பெட்டி கட்டி வைத்திருந்தார். வாரியத்தில் குடும்பத்தைத் தொலைவில் வைத்திருப்பவர்கள் நாங்கள் இருவரும்தான் என்பதால் மதியச் சாப்பாட்டை எப்போதும் பகிர்ந்துகொள்வோம். அன்று தன் டப்பாவை அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார்.

"நீங்க சாப்பிடுங்க தம்பி. எனக்கு எறங்கல."

"என்னண்ணே..."

"எவனோ ஒரு புண்ணியவான் தலைவர்கிட்ட நேரம் காலம் தெரியாம மாறுதல் கேட்டானாம். அவரு கோவத்துல எல்லாருக்குமா சேத்து நிறுத்திட்டாரு. ஆளு யாருன்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்கதான கூட்டத்துக்கெல்லாம் போறீங்க? தெரிஞ்சா சொல்லுங்க."

"தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒரே ஒரு தடவை மூஞ்சியப் பாக்கணும்."

என் மூஞ்சியை அவர் டப்பாவுக்குள் கவிழ்த்துக்கொண்டு சாப்பிட்டேன். அவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார், விக்கிக்கொள்ளப் போகிறேன் என்று.

சாயங்காலம் மனைவி அழைத்தாள்.

"இந்த வாரமாவது கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"அட! என்ன சொன்னாங்க?"

"முடியாதுன்னு."

"யாரு, தலைவரா?"

"இல்ல. நான்தான்."

நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தாள். ஆய்வகத்தில் ஏதோ கண்ணாடிக் குப்பி உருளும் அளவுக்குச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"மூணு வருஷமா நீங்க அவர்கிட்ட கேக்கவே இல்ல. உங்ககிட்ட நீங்களே கேட்டு, நீங்களே முடியாதுன்னு சொல்லி, அதை ஒரு குழு வேற வச்சு உறுதி பண்ணியிருக்கீங்க. அந்த டிரைவர் அண்ணனையும் சேத்துக் கெடுத்திருக்கீங்க. நல்லா இருங்க." போனை மகளிடம் கொடுத்துவிட்டாள்.

"அப்பா, பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள வந்துருவீங்களா?"

நான் தொண்டையைச் செருமினேன். ஜன்னலைப் பார்த்தேன். "பார்க்கலாம்மா," என்றேன்.

மகள் கேட்டாள்: "யாரு பேசுறது?"

மறுநாள் காலையில் வாக்குமூலம் எழுதிக்கொண்டு ஆவண அதிகாரியிடம் போனேன். பதிவில் இருக்கும் தலைவர் நான்தான், மூன்று உத்தரவும் செல்லாது, என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள் என்று எழுதியிருந்தேன். அவர் படித்தார். ஓரத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார்.

"அந்தக் குரல் தலைவருடையது இல்லைன்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்? அதைத் தலைவர்தான் சொல்லணும்."

"பேசினது நான் மேடம்."

"அது உங்க கருத்து. இந்தக் கடிதம் வேண்டாததுன்னு நெனைக்கிறேன். ஒரு பிரதி எடுத்து வச்சுக்கிறேன்."

நேரே தலைவர் அறைக்குப் போனேன். அங்கும் நாற்காலி இல்லை. அறுபதை நெருங்கும் மனிதர், ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. என் உத்தரவுக்கு வாரியத்திலேயே ஒழுங்காகக் கீழ்ப்படிந்தவர் அவர்தான் போலிருக்கிறது.

"சார், அந்தப் பதிவுல பேசுறது நீங்க இல்ல. நான்தான் சார்."

அவர் திரும்பவில்லை. "தெரியும்," என்றார்.

பின்னால் கையை நீட்டினேன். பிடித்துக்கொள்ள நாற்காலி இல்லை.

"மொதல்ல, தூக்கத்துல நானே உளறிட்டேனோன்னு நெனச்சேன். மூணு தடவை போட்டுக் கேட்டேன். அப்புறம்தான் பிடிபட்டுச்சு. அதுல கேள்வி கேட்டு வாய மூடுறதுக்குள்ள பதில் வந்துடுது. நான் அப்படிச் சொல்ற ஆளு இல்ல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?"

"முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல என்னைப் பாராட்டி வந்த மொத கடிதம் அது." சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். கடிதம் அங்கேதான் இருந்தது. "வீட்ல காட்டினேன். என் சம்சாரம் ரெண்டு தடவை படிச்சாங்க. நீங்கதான் இதெல்லாம் சொன்னீங்களான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க சார்?"

"பார்க்கலாம்னேன்."

இருவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். வாசலில் ஓட்டுநர், துடைத்த வண்டியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பதிவை அழிச்சுடலாமா சார்?"

"நானும் ஒரு தடவை அழிக்கிற பட்டனை அமுக்கிப் பாத்தேன். இப்ப இருபத்திரண்டு பிரதி இருக்காம்." அவர் ஒரு காலைத் தூக்கி மறு காலுக்கு எடையை மாற்றினார். "மொத ரெண்டு உத்தரவு இருக்கட்டும். என் வாயில வந்திருக்காது. ஆனா வந்திருக்க வேண்டியது. அந்த மூணாவது மட்டும் நான் சொல்லியிருக்க மாட்டேன்."

"வேற என்ன சொல்லியிருப்பீங்க சார்?"

"பரிசீலிக்கலாம்னு. இன்னொரு மூணு வருஷத்துக்கு."

அது உண்மை என்பதால் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் மறந்து போயிருந்தது.

"சார், எனக்கு இல்லாட்டியும் பரவாயில்ல. ஓட்டுநர் அண்ணனுக்கு வீட்ல இது ஒன்பதாவது மாசம். நான் விளையாட்டுக்குச் சொன்னதுல அவரு மாட்டிக்கிட்டாரு. அவரை விட்டுடுங்க." மூன்று வருடமாகச் சொல்லாததையும் சொல்லிவிட்டேன்: "எனக்கும் போகணும் சார். எம் பொண்ணுக்கு என் குரல் மறந்துக்கிட்டு வருது."

அவர் தொண்டையைச் செருமினார். ஜன்னலைப் பார்த்தார். எனக்கு அந்தப் பதினோரு வினாடி மனப்பாடம். உள்ளுக்குள் எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. எதுவும் வரவில்லை. பன்னிரண்டு. பதின்மூன்று. அவர் செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை ரெண்டு பேரும் ஒரே பஸ்ல கிளம்புங்க. அவரு நூத்தி நாப்பதாவது கல்லுல எறங்கிக்கட்டும். நீங்க கடைசிக் கல்லு வரைக்கும் போங்க."